ரோசி நடிச்ச படத்தை ரோசி பார்க்கல

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. தீர்மான நோட்டு எழுதிப் பழக்கம் உண்டு, மைக்கைப் பிடிச்சுப் பழக்கம் இல்ல. தப்பு இருந்தா பொறுத்துக்கிடுங்க.

இந்த வருஷம் ஒவ்வொரு குழுவுல இருந்தும் ஒருத்தர் ஒரு பெண்ணைப் பத்திப் பேசணும்னு சொன்னாங்க. எனக்கு முன்னாடி பேசின அக்கா வேலு நாச்சியாரைப் பத்தி அழகா சொன்னாங்க. நான் பேசப் போறது ஒரு சினிமா நடிகையைப் பத்தி. வீட்டுல சொன்ன உடனே எங்க மாமியார், “ஊர்ல வேற ஆளா இல்ல, கூத்தாடியைப் பத்திப் பேசப் போற?”ன்னு கேட்டாங்க. அவங்களும் இப்ப ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. கேட்டுட்டுத் திட்டட்டும். இவளை நான் எடுத்துக்கிட்டதுக்கு நம்ம கூட்டமைப்புக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசியில சொல்லுதேன்.

2023-ம் வருஷம் பிப்ரவரி 10-ம் தேதி. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புற நேரத்துல எங்க மக போனை நோண்டிக்கிட்டு இருந்தா. “எம்மா, இங்க பாரு, கூகுள்ல யாரோ ஒரு அக்கா படம் போட்டிருக்கான்”னு காட்டினா. கூகுள்ங்கிற எழுத்துக்கு நடுவுல ஒரு பொம்பளை படம். யாருன்னு தொட்டுப் பார்த்தா, பி.கே.ரோசி. மலையாளத்துல முதல் சினிமாவுல நடிச்ச முதல் பெண். அன்னைக்கு அவளுக்கு 120-வது பிறந்த நாளாம். 1903-ல திருவனந்தபுரத்துல பிறந்தவ. அன்னைக்குச் சட்டியில இருந்த குழம்பு அடிப்பிடிச்சது. அவ கதையை அப்படி நின்னு படிச்சேன். அப்புறமும் கிடைச்சதை எல்லாம் தேடிப் படிச்சேன்.

நம்ம பிள்ளைகளுக்கு ஊமைப் படம்னா என்னன்னு தெரியாது. அந்தக் காலத்துல திரையில ஆள் வருவாங்க, வாய் அசையும், சத்தம் வராது. நடுநடுவே எழுத்து வரும். எழுத்து வாசிக்கத் தெரியாதவங்களுக்காகக் கொட்டகையில ஒருத்தர் திரைக்குப் பக்கத்துல நின்னு, “இதோ ராஜா கோவமா வாரார்”னு கத்திக் கதை சொல்லுவாராம். நடிக்கிறவங்க எல்லாத்தையும் முகத்துலயும் கையிலயும்தான் காட்டணும்.

அப்ப பொம்பளைங்க நடிக்க வரமாட்டாங்க. 1913-ல பால்கே எடுத்த அரிச்சந்திரா படத்துல சந்திரமதி வேஷம் போட்டது சலுங்கேன்னு ஒரு ஆம்பளை. சமையல் வேலை பார்த்துக்கிட்டு இருந்தவராம். நம்ம பக்கம் கோயில் கொடையில கணியான் கூத்து பார்த்திருப்பீங்க. சேலை கட்டிச் சலங்கை கட்டி ஆடுறது ஆம்பளைதானே? அதே மாதிரிதான் சினிமாவும் ஆரம்பிச்சது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வந்தாங்க. நம்ம தமிழ்ல திருவையாற்றுக்காரங்க டி.பி.ராஜலட்சுமி. நாடகத்துல இருந்து ஊமைப் படத்துக்குப் போனாங்க. 1931-ல தமிழ் பேசின முதல் படம் ‘காளிதாஸ்’, அதுல கதாநாயகி அவங்கதான். 1936-ல ‘மிஸ் கமலா’ன்னு ஒரு படத்தைத் தானே எழுதி இயக்கினாங்க. அவங்களைச் ‘சினிமா ராணி’ன்னு ஊரே கொண்டாடுச்சு. ஏறக்குறைய அதே வருஷங்கள்லதான் ரோசியும் நடிச்சா. ரெண்டு பேர் கதையும் எவ்வளவு தூரம் வித்தியாசப்பட்டுப் போச்சுன்னு பாருங்க.

ரோசி தாழ்த்தப்பட்ட சமுதாயத்துல பிறந்தவ. சின்ன வயசுலயே அப்பா தவறிட்டார். புல்லறுத்துப் பிழைச்சிருக்கா. ஆனா அவளுக்கு நடிப்புல ஆசை. திருவனந்தபுரம் பக்கம் காக்காரிசி நாடகம்னு ஒண்ணு உண்டு. சிவனும் பார்வதியும் குறவன் குறத்தி மாதிரி நாடோடி வேஷத்துல பூமிக்கு வாற கதை. பாதி தமிழ், பாதி மலையாளம் கலந்து பாடுவாங்க. அதைக் கத்துக்கிட்டு ஆடிக்கிட்டு இருந்தா.

அப்ப நம்ம குமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி.டேனியல், சொத்தை வித்துச் சினிமா எடுக்க இறங்குறார். பல் டாக்டருக்குப் படிச்சவர். சிலம்பம், வாள் வீச்சுன்னா உயிர். திருவனந்தபுரம் பட்டத்துல ஸ்டூடியோ போட்டு, ‘விகதகுமாரன்’னு படம் ஆரம்பிக்கிறார். காணாமப் போன மகன்னு அர்த்தம். திருவிதாங்கூர்ல ஒரு பணக்கார வீட்டுப் பையனைச் சிலோனுக்குக் கடத்திட்டுப் போயிடுவான் ஒருத்தன். பையன் அங்கே தோட்டத்துல வேலை செஞ்சு வளருவான். நம்ம பக்கத்துலயும் சிலோன் தோட்டத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு, அதனால இந்தக் கதை எனக்கு அந்நியமாத் தெரியல. அந்தப் பையனோட தங்கச்சி சரோஜினிதான் கதாநாயகி. பெரிய நாயர் வீட்டுப் பொண்ணு. அந்த வேஷத்துக்கு முதல்ல பம்பாயில இருந்து ஒரு நடிகையை வரவழைச்சாங்க, சரிப்பட்டு வரல. உள்ளூர்ல குடும்பப் பொம்பளை யாரும் வரத் தயாரா இல்ல. கடைசியில ரோசி கிடைச்சா.

பத்து நாள் வேலைன்னும், நாளைக்கு அஞ்சு ரூபா சம்பளம்னும் சொல்லுதாங்க. வேற கூலி வேலைக்குப் போற மாதிரியே காலையில போவாளாம். மத்தியானச் சாப்பாட்டை வீட்டுல இருந்தே கொண்டு போவாளாம். சாயங்காலம் வேஷத்தைக் கலைச்சிட்டு வீட்டுக்கு நடந்து வந்துருவாளாம்.

அந்தச் சாப்பாட்டு விஷயத்தைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எங்க குழு ஆரம்பிச்ச புதுசுல வாரக் கூட்டத்துக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டுல டீ போடுவாங்க. ரெண்டு அக்காமார் மட்டும் “எங்களுக்கு டீ பழக்கம் இல்ல”ன்னு சொல்லிருவாங்க. நானும் சரி, குடிக்க மாட்டாங்க போலன்னு விட்டுட்டேன். அஞ்சு வருஷம் கழிச்சு, கடன் கட்டப் போன அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல அவங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ரெண்டு டீ குடிச்சாங்க. “என்னக்கா, பழக்கம் இல்லன்னீங்க?”ன்னு கேட்டேன். “தனி டம்ளர்ல தந்துட்டா என்ன செய்யன்னு பயந்துதான் அப்படிச் சொன்னோம்”னாங்க. அந்த அஞ்சு வருஷமும் வருகைப் பதிவேடு எழுதினவ நான். யார் வந்தாங்க, வரலன்னு எழுதினேன். யார் குடிக்கல, ஏன் குடிக்கலன்னு கேட்கத் தோணல. ரோசி ஏன் தூக்குச்சட்டி கொண்டு போனாள்னு எங்கேயும் எழுதியிருக்கல. எனக்கு அந்த டீ ஞாபகம் வந்துச்சு, அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வாரேன். படம் முடிஞ்சது. திருவனந்தபுரத்துல கேப்பிடல்னு ஒரு கொட்டகை, அங்கே முதல் காட்சி. 1930 வாக்குல நடந்தது. அப்ப அந்தச் சமஸ்தானம் எப்படி இருந்துச்சுன்னு நாம நினைச்சுப் பார்க்கணும். தாழ்த்தப்பட்டவங்களுக்குக் கோயில் கதவு திறந்ததே 1936-லதான், மகாராஜா உத்தரவு போட்டப்புறம்தான். அதைக் கேரளாக்காரங்க கதைன்னு ஒதுக்கவும் முடியாது. நம்ம செங்கோட்டையே அப்ப அந்தத் திருவிதாங்கூர்லதான் இருந்துச்சு.

முதல் காட்சிக்கு ஊர்ப் பெரியவங்க எல்லாம் வந்தாங்க. தொடங்கிவைக்க ஒரு பெரிய வக்கீல் வந்தார். அந்தப் பொம்பளை கொட்டகைக்குள்ள உட்கார்ந்தா நான் வரமாட்டேன்னு அவர் சொல்லிட்டாராம். ரோசியும் படம் பார்க்கத்தான் வந்திருக்கா. அவளை உள்ளே விடல. ஆசையா தலைவாரி, இருக்கிறதுல நல்ல துணியா உடுத்திட்டுத்தான் வந்திருப்பா. நாம ஃபோட்டோ எடுத்தாலே முதல்ல நம்ம மூஞ்சி எப்படி வந்திருக்குன்னுதானே பார்க்கோம்? தன் முகம் அவ்வளவு பெருசா திரையில எப்படித் தெரியும்னு பார்க்க அவளுக்கு ஆசை இருந்திருக்காதா?

உள்ளே படம் ஓடுது. பெரிய வீட்டுப் பொண்ணா ரோசி வாறா. உடனே கூச்சல். இவ எப்படி எங்க வீட்டுப் பொண்ணு வேஷம் போடலாம்னு கோவம். ஒரு இடத்துல அவ தலையில இருக்கிற பூவைக் கதாநாயகன் முத்தம் கொடுப்பான். பூவைத்தான். கதாநாயகனா நடிச்சது டேனியலேதான். அந்த இடம் வந்ததும் திரையில கல் எறிஞ்சாங்க. திரை கிழிஞ்சது. ஜனங்க அத்தோட விடல. அவ வீட்டுக்கும் போனாங்க. குடிசைக்குத் தீ வச்சாங்க. அவ தப்பிச்சு ஓடினா.

ஓடினவ ராத்திரியில ரோட்டுல வந்த ஒரு லாரியை நிறுத்தி ஏறினா. அது நாகர்கோவில் போற லாரி. நாகர்கோவிலும் அப்ப அதே சமஸ்தானம்தான், ஆனா தமிழ் பேசுற ஊர், அவளைத் தெரிஞ்சவங்க இல்லாத ஊர்.

எங்க வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறவர். நம்ம புளியங்குடி எலுமிச்சங்காயை மூட்டை ஏத்திக்கிட்டுச் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாப் புனலூர் வரைக்கும் போவார். எல்லாம் ராத்திரி ஓட்டம்தான். அவர்கிட்ட இந்தக் கதையைச் சொல்லிட்டுக் கேட்டேன்: “ஏங்க, மலைப்பாதையில நடுராத்திரி ஒரு பொம்பளை அழுதுக்கிட்டே கைகாட்டினா வண்டியை நிறுத்துவியளா?” கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். “நிறுத்தணும்தான் ஏளா. ஆனா பயம்மா இருக்கும். பின்னாடி நாலு பேர் விரட்டிட்டு வாறான்னா ரொம்பப் பயம்மா இருக்கும்”னார். உண்மையைச் சொன்னாரேன்னு நினைச்சேன். அந்த லாரி டிரைவர் நிறுத்தினார். கேசவ பிள்ளைன்னு பேரு. மேல்சாதிக்காரர். ஏத்திக்கிட்டு மட்டும் போகல, அவளைக் கல்யாணமும் செஞ்சுக்கிட்டார். அவர் சொந்தக்காரங்க ஏத்துக்கல. ரெண்டு பேரும் நாகர்கோவில்ல குடித்தனம் நடத்தினாங்க.

ரோசிங்கிற பேரு அத்தோட போச்சு. ராஜம்மாள் ஆயிட்டா. சமைச்சா, பிள்ளை வளர்த்தா, நம்மள மாதிரியே இருந்தா. நாகர்கோவில் சந்தையில காய் வாங்க வந்த அந்த ராஜம்மாள்தான் கேரளாவோட முதல் நடிகைன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? பெத்த பிள்ளைகளே அந்தக் கதையைப் பத்தி அதிகம் தெரியாமத்தான் வளர்ந்தாங்களாம். எத்தனை வருஷம்! பக்கத்துக் கொட்டகையில புதுப்படம் போட்டு ஊரே வண்டி கட்டிப் போயிருக்கும். அப்ப அவ மனசுல என்ன ஓடியிருக்கும்னு நான் துணி துவைக்கும்போது நினைப்பேன். ஒரு வார்த்தை வெளியில சொன்னா வீட்டுக்காரருக்குக் கெட்ட பேரு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகாதுன்னு பயந்திருப்பா. எனக்கும் அதே பயம்தான் வந்திருக்கும்.

டேனியலுக்கும் நல்லது நடக்கல. போட்ட காசு எல்லாம் போச்சு. 1975-ல அகஸ்தீஸ்வரத்துல கஷ்டத்துலதான் செத்தார். படச்சுருளைச் சின்ன வயசுல விளையாட்டா எரிச்சிட்டேன்னு அவர் மகனே பின்னாடி சொல்லியிருக்கார். இன்னைக்கு அந்தப் படத்தைப் பார்க்கணும்னா யாராலயும் முடியாது. 1992-ல இருந்து கேரள அரசு டேனியல் பேர்ல சினிமாவுக்குப் பெரிய விருது கொடுக்கு. ரோசிக்கு அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் ஆச்சு. 2013-ல ‘செல்லுலாய்ட்’னு ஒரு மலையாளப் படம் இவங்க கதையை எடுத்துச்சு. 2019-ல கேரளாவுல சினிமாவுல வேலை பார்க்கிற பொம்பளைங்களே சேர்ந்து அவ பேர்ல ஒரு திரைப்படச் சங்கம் ஆரம்பிச்சாங்க. நம்ம மாதிரி பொம்பளைங்க சேர்ந்த அமைப்புதான், ஆனா அவங்களுக்கு வங்கிக் கடன் கிடையாதுன்னு நினைக்கேன். (சார் சிரிக்காதீங்க, எங்க ரெண்டாவது கடன் மனு உங்க மேசையிலதான் இருக்கு.)

இப்ப அந்தக் காரணத்தைச் சொல்லுதேன். அந்தத் தங்கச்சிகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லுதேன். பேரு சொல்லாதீங்கக்கான்னு கேட்டுக்கிட்டா, அதனால சொல்லல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மகளிர் தினத்துக்குக் குடிப்பழக்கத்தைப் பத்தி ஒரு தெரு நாடகம் போட்டோமே, பலபேர் பார்த்திருப்பீங்க. அதுல குடிகாரப் புருஷனா நடிச்சது எங்க குழுவுல ஒரு தங்கச்சி. அண்ணன் லுங்கியைக் கட்டி, கரியில மீசை வரைஞ்சு, தள்ளாடிக்கிட்டு வந்து அவ விழுந்த இடத்துல ஊரே சிரிச்சுச்சு. அப்புறம் பெஞ்சாதி தாலியைக் கழத்தப் போற இடத்துல நாங்க எல்லாரும் அழுதோம். ஒரு பையன் அதைப் போன்ல பிடிச்சு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான். அவ மாமியார் வீட்டுச் சொந்தத்துல யாரோ பார்த்துட்டு, “உங்க வீட்டு மருமக லுங்கி கட்டித் தெருவுல ஆடுதா”ன்னு போன் போட்டாங்க. வீட்டுல சண்டை. வாசல்படி தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

அடுத்த கூட்டத்துக்கு அவ வரல. அதுக்கு அடுத்த வாரமும் வரல. மூணாவது வாரமும் வரல. ஏன் வரலன்னு எங்க பன்னிரண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சும் யாரும் அந்த வீட்டுப் பக்கம் போகல. போனா நம்மளையும் பேசுவாங்கன்னு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நோட்டுல எழுதினேன். தகவல் இல்லாமல் வரவில்லை, அபராதம் பத்து ரூபாய். மூணு வாரமும் எழுதினேன். விதி அப்படித்தானே. கடைசியில அவ குழுவை விட்டு நின்னப்ப, சேமிப்புல இருந்து முப்பது ரூபாயைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மீதியைக் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனா. ஒரு வார்த்தை பேசல.

ரோசி வீட்டுல தீ வச்சவனை எல்லாம் நான் திட்டிக்கிட்டே படிச்சேன். படிச்சு முடிச்சப்ப, அந்த நோட்டும் அதுல என் கையெழுத்தும்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அன்னைக்குக் கொட்டகையில உட்கார்ந்திருந்த எல்லாருமா கல் எறிஞ்சிருப்பாங்க? பாதிப் பேர் சும்மா இருந்திருப்பாங்க.

மூணு மாசத்துக்கு முன்னாடி அவ அம்மா ஊருக்கு வந்திருக்கான்னு கேள்விப்பட்டுப் போனேன். என்னைப் பார்த்ததும் உள்ளே போயிருவான்னு நினைச்சேன். “வாங்கக்கா”ன்னு பாயை விரிச்சா. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மழையைப் பத்தி, ரேஷனைப் பத்திப் பேசினோம். எனக்கு எப்படி ஆரம்பிக்கன்னு தெரியல. திடீர்னு அவளே கேட்டா:

“அக்கா, அன்னைக்கு நான் நல்லா நடிச்சேனா?”

எனக்கு வாய் வரல. நாடகம் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகப் போகுது. நல்லா நடிச்சேன்னு ஒருத்தர்கூட அவகிட்ட சொல்லல. நாங்க சிரிச்சோம், அழுதோம், வீட்டுக்குப் போயிட்டோம். அந்த வீடியோவை ஊரே பார்த்துச்சு, அவ பார்க்கல. அவ போனை அப்பவே வாங்கி வச்சுட்டாங்களாம். என் போன்ல அந்த வீடியோ இருந்துச்சு. எடுத்துக் கொடுத்தேன். அவ அம்மாவும் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. தான் விழுற இடம் வந்ததும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. “எம்மா, மீசை கோணலா இருக்கு பாரேன்”னா. திரும்பத் திரும்ப நாலு தடவை பார்த்தா. நாலாவது தடவை அவ அம்மாதான் அழுதாங்க.

போன மாசக் கூட்டத்துல நான் இதைச் சொன்னேன். அபராதம் முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுக்கணும்னு தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மானத்தையும் நான்தான் எழுதினேன். நாலு பேர் சேர்ந்து அவ மாமியார் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கோம். மாமியார் முகம் கொடுத்துப் பேசல, ஆனா உட்காரச் சொன்னாங்க, தண்ணி தந்தாங்க. அவ வீட்டுக்காரர், “பார்க்கலாம்”னு சொல்லியிருக்கார். அவ இன்னைக்கு இங்கே வரல. முப்பது ரூபாயை ஒரு கவர்ல போட்டு வச்சிருக்கேன். “கூட்டத்துக்கு வந்தே வாங்கிக்கிடுதேன்க்கா, வீட்டுல கொண்டு வந்து தராதீங்க”ன்னு சொல்லிட்டா.

வர்ற மார்ச் மாசத்துக்கு மறுபடியும் நாடகம் உண்டுன்னு தலைவி அக்கா சொல்லியிருக்காங்க. அந்த லுங்கி வேஷத்துக்கு இன்னும் வேற யார் பேரையும் நாங்க எழுதல.

எனக்குக் கொடுத்த நேரம் முடிஞ்சிருச்சுன்னு செயலாளர் அக்கா கை காட்டுதாங்க.